வுஹானில் ஃபெரித் துறையும் நதிக்கரை மாடமும்: ஒரே நாளில் சுற்றிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வுஹானுக்கு வருகிற நம்மவர்களில் பெரும்பாலானோர் செய்வது இதுதான். ஹோட்டல் வாசலில் டாக்ஸி பிடித்து நேராக மஞ்சள் கொக்குக் கோபுரத்துக்குப் போவார்கள். மேலே ஏறுவார்கள், படம் எடுப்பார்கள், இன்னொரு டாக்ஸியில் திரும்புவார்கள். யாங்சி நதியைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஊருக்கு வந்த நண்பர்களையும் உறவினர்களையும் கூட்டிக்கொண்டு நான் திரும்பத் திரும்ப நடந்த வழி வேறு. அது ஒரு வட்டம்.

வுஹான் என்பது மூன்று ஊர்கள் சேர்ந்த நகரம். யாங்சிக்கு வடமேற்குக் கரையில் ஹான்கோ, ஹான்யாங் என்று இரண்டு. இவற்றை ஹான் நதி பிரிக்கிறது. எதிர்க்கரையில் வுச்சாங். ஹான்கோவில் கிளம்புகிறோம். ஹான் நதியைத் தாண்டி ஹான்யாங்கின் சிங்ச்சுவான் மாடத்துக்குப் போகிறோம். யாங்சிப் பாலத்தை நடந்தே கடந்து வுச்சாங்கில் மஞ்சள் கொக்குக் கோபுரம் ஏறுகிறோம். அங்கிருந்து சோங்ஹுவா சாலைத் துறைக்கு இறங்கி, மாலை ஃபெரியில் ஹான்கோவின் வுஹான் குவான் துறைக்கே திரும்புகிறோம்.

வரிசை முக்கியம். கடைசியில் வரும் ஃபெரிதான் இந்த நாளின் அச்சு. மற்றதெல்லாம் அதற்கேற்பத்தான் நகர வேண்டும்.

## 1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். சிங்ச்சுவான் மாடத்துக்கு அன்று விடுமுறை. ஹான்கோ கரையில் இருக்கும் ஜியாங்ஹான் சுங்கக் கட்டட அருங்காட்சியகத்துக்கும் அப்படியே. மஞ்சள் கொக்குக் கோபுரம் எல்லா நாளும் திறந்திருப்பதால், பலர் மற்றவையும் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

அக்டோபர் 1 முதல் 7 வரையிலான தேசிய தின விடுமுறையும், மே முதல் வாரமும் வேண்டவே வேண்டாம். கோபுரத்தின் படிக்கட்டில் ஒரு மாடி ஏறுவதற்கே வரிசை நிற்கும். பாலத்தின் நடைபாதையில் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். மார்ச் கடைசியில் செர்ரிப் பூ பார்க்க நாடு முழுவதும் இருந்து ஆட்கள் வருவார்கள்; அப்போது வார நாளாகப் பார்த்து வாருங்கள்.

நல்ல பருவம் ஏப்ரலும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரையும். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நமக்குப் பழகியதுதானே என்று நினைக்க வேண்டாம். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர். சென்னையின் மே மாதப் புழுக்கம், ஆனால் மாலைக் கடல்காற்று இல்லாமல்.

## 2. சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, மூன்று மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்து, வெட்ட வெளிச்சத்தில் ஃபெரி ஏறிவிடுகிறார்கள். அல்லது கோபுரத்தில் நேரத்தை விட்டுவிட்டு, துறைக்கு வரும்போது கடைசிப் படகு போயிருக்கும்.

வுஹானில் டிசம்பரில் சுமார் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அக்டோபர் நடுவில் ஐந்தே முக்கால். ஜூன் கடைசியில் ஏழரை. சீனா முழுவதற்கும் ஒரே நேரம்தான் என்பதால், வேறு நகரத்தில் பார்த்த மாலை நேரத்தை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் படகில் கால் வைத்திருக்க வேண்டும். துறைக்கு முக்கால் மணி முன்னதாகவே வந்துவிட வேண்டும். கோபுரத்துக்கு இரண்டு மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி, பாலத்துக்கு முக்கால் மணி, சிங்ச்சுவான் மாடத்துக்கு ஒன்றே கால் மணி, ஹான்கோவிலிருந்து அங்கே நடக்க முக்கால் மணி. கோபுரத்திலிருந்து துறைக்கு நடக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டினால் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதாவது அக்டோபர் நடுவில் காலை பத்து மணி வாக்கில் கிளம்பினால் சரியாக வரும். டிசம்பரில் ஒன்பதரை.

ஜூன், ஜூலையில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அப்படிக் கணக்கிட்டால் உச்சி வெயிலில் பாலத்தில் நிற்பீர்கள். அந்த மாதங்களில் நாளை இரண்டாக வெட்டுங்கள்: காலை ஒன்பதுக்குச் சிங்ச்சுவான் மாடமும் பாலமும், மதியம் முழுவதும் அறையில் ஓய்வு, நான்கு மணிக்கு மேல் கோபுரம், பிறகு ஃபெரி.

## 3. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

அசல் பாஸ்போர்ட். நகல் போதாது. கோபுரத்துக்கான டிக்கெட் ஆள் பெயரில்தான் வழங்கப்படுகிறது. வெளிநாட்டவருக்கு அடையாளம் என்றால் பாஸ்போர்ட்தான். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஹோட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு வருவது நல்ல பழக்கமாகத் தோன்றும். இங்கே அது அரை நாளைக் கெடுக்கும்.

பணம் செலுத்த அலிபே அல்லது வீசாட் செயலி, உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையோடு இணைக்கப்பட்டதாக. இதை ஊரிலேயே செய்துவிட வேண்டும். வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் ஊர் எண்ணுக்கு வரும். சீனாவில் இறங்கிய பிறகு அந்த எண் வேலை செய்யாவிட்டால் அட்டையை இணைக்க வழியில்லை. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடவும் மறக்காதீர்கள். அலிபேயில் 200 யுவானுக்கு மேற்பட்ட ஒரு செலவுக்கு 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். நாம் இன்று செய்யப்போவதெல்லாம் அதற்குக் குறைந்த செலவுகள்தான்.

கொஞ்சம் சில்லறை நோட்டு. போன் சார்ஜ் போய்விட்டால் இது ஒன்றுதான் கைகொடுக்கும்.

வரைபடத்துக்குக் கூகுள் வேண்டாம். சீனாவில் அது திறக்காது. ரோமிங்கில் திறந்தாலும் இடங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டும். அமேப் செயலியை இறக்கி, இந்த ஐந்து இடங்களையும் சீன எழுத்தில் முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள்: சிங்ச்சுவான் மாடம், யாங்சிப் பாலத்தின் ஹான்யாங் முனை, மஞ்சள் கொக்குக் கோபுரத்தின் மேற்கு வாசல், சோங்ஹுவா சாலைத் துறை, வுஹான் குவான் துறை. வழியில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் வாயால் சொல்ல முயல வேண்டாம், திரையைக் காட்டுங்கள். நாம் உச்சரிக்கும் "சோங்ஹுவா" அவர்கள் காதில் வேறு ஏதோவாக விழும்.

நல்ல காலணி. மொத்த நடை எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது, படிகள் தனி. பையில் பழம் நறுக்கும் கத்தி வேண்டாம். மெட்ரோ வாசலில் ஒவ்வொரு பையையும் எக்ஸ்ரேயில் விடுவார்கள், கத்தி அங்கேயே நின்றுவிடும்.

விசா பற்றி ஒரு வரி: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே சீன விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை.

## 4. ரயிலில் வருகிறவர்கள் நிலையத்தைச் சரிபார்க்கவும்

குவாங்சோவில் கேண்டன் கண்காட்சிக்கு வரும் நம் ஊர் வியாபாரிகள் பலர் அதிவேக ரயிலில் நான்கு மணி நேரம் போல் பயணம் செய்து இங்கே வருகிறார்கள். வுஹானில் பெரிய நிலையங்கள் மூன்று: வுஹான், ஹான்கோ, வுச்சாங். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். டிக்கெட்டில் "வுஹான்" என்றிருந்தால் அது நகரத்தின் பெயர் அல்ல, அந்த ஒரு நிலையத்தின் பெயர். திரும்பும் ரயில் எந்த நிலையத்திலிருந்து என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள்.

தங்குவதற்கு ஹான்கோவில் ஜியாங்ஹான் சாலைப் பக்கம் பாருங்கள். வட்டம் அங்கேதான் தொடங்கி அங்கேதான் முடிகிறது. மெட்ரோவின் 2ஆம், 6ஆம் தடங்கள் இரண்டும் அந்த நிலையத்தில் சந்திக்கின்றன.

## 5. காலை உணவை ஹான்கோவிலேயே முடியுங்கள்

வுஹான்காரர்களின் காலை என்றால் ரெகான்மியன். வேகவைத்து எண்ணெய் பிசறி ஆறவைத்த நூடுல்ஸை ஒரு கூடைக் கரண்டியில் அள்ளி, கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து, காகிதக் கிண்ணத்தில் கொட்டி, மேலே கெட்டியான எள் விழுதை ஊற்றுவார்கள். அப்புறம் ஊறுகாய் போட்ட முள்ளங்கி, வெங்காயத் தாள். கையில் வாங்கிய அந்த நிமிடமே கிளறிவிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டு நின்றால் எள் விழுது இறுகி, நூடுல்ஸ் ஒரே கட்டியாகிவிடும்.

சைவர்கள் கவனிக்க: பார்க்க முழுச் சைவம் போலத்தான் இருக்கும். ஆனால் பல கடைகளில் எள் விழுதுக்கு முன்னால் ஒரு கரண்டி பழுப்பு நிறச் சாறு ஊற்றுவார்கள். அது பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாறு. "இறைச்சி வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம், எள் விழுதும் ஊறுகாயும் மட்டும்" என்று சீனத்தில் மொழிபெயர்த்துத் திரையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும்போதே காட்டுங்கள். கிண்ணம் கைக்கு வந்த பிறகு சொன்னால் பயனில்லை. ஒரு கிண்ணம் தயாராவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

கண்டிப்பான சைவர்களுக்கு இன்னொரு வழி, வுச்சாங்கில் சாங்சுன் தாவோயியக் கோயிலை ஒட்டியுள்ள சைவ உணவகம். வட்டத்திலிருந்து கொஞ்சம் விலகிப் போக வேண்டும், மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

## 6. ஹான் நதியைக் கடந்து சிங்ச்சுவான் மாடத்துக்கு

ஜியாங்ஹான் சாலையிலிருந்து கரையோரமாகத் தென்மேற்கே நடந்தால் ஹான் நதி வந்துவிடும். அதன் மேல் வளைவு வைத்த சிவப்புப் பாலம் ஒன்று நிற்கும். அதுதான் சிங்ச்சுவான் பாலம், அதில் நடந்து கடக்கலாம். நடக்க முடியாதவர்கள் இந்தப் பகுதிக்கு மட்டும் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். அன்று டாக்ஸிக்குச் செலவு செய்வதென்றால் இங்கே செய்வதுதான் சரி, மற்ற இடங்களில் நடையால் கிடைப்பது அதிகம்.

பாலம் இறங்கியதும் நேராக மாடத்துக்குப் போகாமல், இடப்பக்கம் நான்ஆன்சுய் முனைக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஹான் நதி யாங்சியில் விழும் இடம் அது. இரண்டு தண்ணீரும் உடனே கலப்பதில்லை. நிறம் மாறுபடும் கோடு நீரில் தெரியும். மழைக்காலத்தில் யாங்சி கலங்கி ஓடும்போது கோடு இன்னும் தெளிவு.

அங்கிருந்து யாங்சிக் கரையோடு மேலே போனால், ஆமைக் குன்றின் அடிவாரத்தில், ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேல் சிங்ச்சுவான் மாடம். நுழைவு இலவசம். மிங் அரச வம்சக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் முதலில் கட்டியது. இப்போது நிற்பது 1980களில் மறுபடி எழுப்பியது. வளாகத்துக்குள் வெள்ளத்தை அடக்கியதாகச் சீனர்கள் வணங்கும் யூ அரசருக்கான கோயில் ஒன்றும் இருக்கிறது. மாடத்தை விடப் பழைய கட்டடம் அதுதான், 1863இல் புதுப்பித்தது. பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளாமல் மாடத்துக்கு ஓடுகிறார்கள். முதலில் கோயிலைப் பார்த்துவிட்டு மாடத்துக்கு ஏறுங்கள், மரவேலையில் பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும்.

இதை ஏன் கோபுரத்துக்கு முன்னால் வைக்கிறேன்? இரண்டு காரணம். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், உள்ளே விடுவதை அதற்கும் முன்பே நிறுத்திவிடுவார்கள். மாலைக்குத் தள்ளினால் கிடைக்காது. இரண்டாவது, இங்கே மேல் தளத்தில் நின்றால் எதிர்க்கரையில் மஞ்சள் கொக்குக் கோபுரம் நேரே தெரியும். நடக்கப்போகும் பாலம் வலப்பக்கம், ஏறப்போகும் கோபுரம் எதிரே, மாலையில் போகப்போகும் துறை அதற்கு இடப்பக்கம். நாள் முழுவதுக்குமான வழியை இங்கேயே கண்ணால் அளந்துவிடலாம். எட்டாம் நூற்றாண்டில் சுய் ஹாவோ மஞ்சள் கொக்குக் கோபுரத்தைப் பாடிய கவிதையின் ஒரு வரியிலிருந்து இந்த மாடத்துக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டும் ஜோடியாகப் பார்க்க வேண்டியவை.

இந்த வரிசையில் ஒரு நஷ்டமும் உண்டு. காலையில் சூரியன் எதிர்க்கரைப் பக்கம் இருப்பதால் கோபுரத்தின் படம் இருண்டு விழும். மாடத்தின் முகப்புக்கு மட்டும் அந்த வெளிச்சம் அருமை.

## 7. யாங்சிப் பாலம்: இடப்பக்க நடைபாதை

பாலம் மாடத்துக்குப் பக்கத்தில்தான், ஆனால் தலைக்கு மேலே வெகு உயரத்தில். கரையிலிருந்து மேலே போக, பாலத்தின் முனையில் நிற்கும் கோபுரம் போன்ற கட்டடத்தில் படிகளும் லிஃப்டும் உண்டு. லிஃப்டுக்குச் சின்னக் கட்டணம். எப்போதும் ஓடும் என்று நம்பி வராதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மாடத்திலிருந்து டாக்ஸியில் பாலத்தைக் கடந்துவிடுவது நல்லது. பாலத்தின் மேல் டாக்ஸி நிறுத்த விடமாட்டார்கள் என்பதால், நடுவில் இறங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் எடுபடாது.

1957 அக்டோபர் 15 அன்று திறந்த பாலம். மொத்தம் 1,670 மீட்டர். மேல் தளத்தில் சாலை, கீழ்த் தளத்தில் ரயில். அதற்கு முன்பு இந்த ஊரில் யாங்சியைக் கடக்கப் பாலமே கிடையாது, படகுதான்.

ஹான்யாங்கிலிருந்து வுச்சாங் பக்கம் நடக்கும்போது இடப்பக்க நடைபாதையைப் பிடியுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் ஓடிப்போகிறது. நீங்கள் கடந்துவந்த ஹான் முகத்துவாரம், விட்டுவந்த மாடம், குறுக்கே போய்வரும் ஃபெரிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் போனால் இடையில் சாலையைக் கடக்க வழி இல்லை.

நடுவில் ஓரிடத்தில் நின்று கைப்பிடியில் உள்ளங்கையை வையுங்கள். கீழே சரக்கு ரயில் நுழையும்போது இரும்பு முதலில் மெல்ல அதிரும், அப்புறம் காலடியில் தளம் முழுக்க நடுங்கும், அதன் பிறகுதான் சத்தம் காதுக்கு வரும். பயப்பட ஒன்றுமில்லை, சிறுவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தொப்பி, சால்வை, லேசான குடை எதையும் இங்கே கையில் பிடிக்க வேண்டாம். ஆற்றுக் காற்று பறித்துக்கொண்டு போய்விடும்.

## 8. மஞ்சள் கொக்குக் கோபுரம்

பாலத்திலிருந்து வருகிறவர்களுக்கு மேற்கு வாசல்தான் கிட்டம். கட்டணம் பல ஆண்டுகளாக 70 யுவான். முந்தைய நாளே வீசாட்டில் பதிவு செய்துவிட்டால் நல்லது. முடியாதவர்கள் பாஸ்போர்ட்டோடு வாசல் கவுன்டருக்குப் போகலாம். இரவு நுழைவு தனி டிக்கெட். பகல் டிக்கெட்டை வைத்துக்கொண்டு விளக்கு வரும் வரை உள்ளேயே இருந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். கி.பி. 223இல் தொடங்கும் கதை என்று எங்கும் எழுதியிருக்கும். ஆனால் இப்போதுள்ள கோபுரம் 1985இல் திறந்த கான்கிரீட் கட்டடம், 51.4 மீட்டர் உயரம், வெளியே பார்க்க ஐந்து தளம், உள்ளே லிஃப்ட். இடமும் பழைய இடம் அல்ல. ஆற்றங்கரையில் கோபுரம் இருந்த இடத்தைப் பாலத்தின் வுச்சாங் முனை எடுத்துக்கொண்டதால், குன்றின் மேல் சுமார் ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். இது தெரியாமல் வந்து ஏமாந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரிந்துகொண்டு வந்தால் ஏமாற்றம் இல்லை, பார்க்க வேண்டியதும் விளங்கும்.

பார்க்க வேண்டியவை இரண்டு கோபுரத்துக்கு வெளியே இருக்கின்றன. ஒன்று, மேற்கு வாசல் பக்கம் நிற்கும் வெள்ளைக் கல் தூபி, 1343இல் எழுந்தது. இன்னொன்று, 1884இல் தீயில் போன பழைய கோபுரத்தின் செப்புக் கலசம். எரிந்த கட்டடத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். கூட்டம் இல்லாத மூலையில் தனியாக நிற்கும், தேடிப் போய்ப் பாருங்கள்.

உள்ளே, லிஃப்டுக்கு வரிசையில் நிற்காமல் படியேறுங்கள். காரணம் இரண்டாம் தளம். தாங், சோங், யுவான், மிங், சிங் அரச வம்சக் காலங்களில் இந்தக் கோபுரம் எப்படி எப்படி இருந்தது என்று மாதிரிகள் செய்து வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத கட்டடங்கள். லிஃப்டில் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். முதியவர்களை மட்டும் லிஃப்டில் அனுப்பிவிட்டு மேலே சந்தித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் தளத்தில் நான்கு பக்கமும் சுற்றலாம். எல்லோரும் மேற்கே, பாலம் தெரியும் பக்கம் முண்டியடிப்பார்கள். மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் சூரியன் கண்ணில் அடிக்கும். கீழே ஆற்றோரம் துறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கோபுர வளாகத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். இதை மட்டும் கறாராகப் பின்பற்றுங்கள்.

## 9. முதலில் துறை, அப்புறம் சாப்பாடு

கோபுரத்துக்கும் துறைக்கும் இடையில் ஹுபு ஷியாங் என்ற தீனிச் சந்து இருக்கிறது. வாசனை இழுக்கும். அங்கே உட்கார்ந்துவிட்டால் நேரம் போவது தெரியாது. அதனால் வரிசையை மாற்றுங்கள்: சந்தைத் தாண்டி நேராகச் சோங்ஹுவா சாலைத் துறைக்குப் போய், அங்கே ஒட்டியிருக்கும் நேரப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். அதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு சந்துக்குத் திரும்பி, நிம்மதியாக ஏதாவது கொறிக்கலாம்.

சந்து முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கானது, விலை கூடுதல். பச்சைப்பயறு மாவில் வார்த்து, நடுவில் ஒட்டரிசிச் சோறு வைத்து மடித்துத் தரும் தோபி என்ற பண்டம் நம் நாக்குக்குப் பிடிக்கும். அதில் முட்டையும் இறைச்சியும் இருக்கும், சைவர்கள் தொட வேண்டாம்.

## 10. எந்தப் படகு என்பதில் ஏமாறாதீர்கள்

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் ஃபெரி வேறு. விளக்கு அலங்காரத்தோடு ஆற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய துறைக்கே கொண்டுவந்து விடும் உல்லாசப் படகு வேறு. ஃபெரிக்குச் சில யுவான்கள்தான். உல்லாசப் படகுக்கு அதைப் போலப் பல மடங்கு. இரண்டுக்கும் துறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், கையில் அட்டையோடு நிற்கும் ஆட்கள் வெளிநாட்டு முகம் கண்டதும் உல்லாசப் படகுக்கே இழுப்பார்கள்.

அடையாளம் எளிது. மின் ஸ்கூட்டரையும் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு ஆட்கள் எந்த வாசலில் காத்திருக்கிறார்களோ, அதுதான் ஃபெரி. டிக்கெட் வாங்கும்போது "வுஹான் குவான்" என்று சேமித்த பெயரைக் காட்டுங்கள்.

## 11. ஏறுவதும் நிற்பதும்

கரைக்கும் படகுக்கும் நடுவில் மிதவை மேடை ஒன்று உண்டு. கரையிலிருந்து அதற்கு இறங்கும் இரும்புச் சரிவு, ஆற்றின் அளவைப் பொறுத்துச் சாயும். ஜூலை, ஆகஸ்டில் நீர் ஏறி நிற்கும்போது ஏறக்குறையச் சமமாக இருக்கும். ஜனவரியில் நீர் வெகுவாக இறங்கியிருக்கும். அப்போது சரிவு நீளம், செங்குத்து, பனி ஈரத்தில் வழுக்கும். குளிர்காலத்தில் முதியவர்களைக் கைப்பிடிப் பக்கம் விடுங்கள்.

வாசல் திறந்ததும் ஸ்கூட்டர்க்காரர்கள் முதலில் பாய்வார்கள். இரும்புத் தகடுகள் தடதடக்க, ஒருவர் பின் ஒருவராகக் கீழ்த் தளத்துக்குள் நுழைவார்கள். அவர்களோடு போட்டி போட வேண்டாம். ஓரமாக நின்று அவர்களை விட்டுவிட்டு ஏறுங்கள். அவர்கள் கீழேயே நிற்பவர்கள், நமக்கு வேண்டியது மேல் தளம்.

மேலே போய் இடப்பக்கக் கம்பியைப் பிடியுங்கள், அதாவது படகு போகும் திசையைப் பார்த்து நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம். பாலம், ஆமைக் குன்று, அதன் மேல் 221 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம், சூரியன் இறங்கும் வானம் எல்லாம் அந்தப் பக்கம். பாதி ஆறு வந்ததும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தால் குன்றின் மேல் மஞ்சள் கொக்குக் கோபுரத்தில் விளக்கு ஏறியிருக்கும். பயணம் மொத்தமே கால் மணி நேரம் போல்தான். போனைத் துழாவிக்கொண்டிருந்தால் ஹான்கோ வந்துவிடும்.

படகு மேடையை முட்டி நிற்கும்போது ஒரு குலுங்கு குலுங்கும். கயிறு மாட்டி முடியும் வரை படியில் நிற்காதீர்கள்.

## 12. படகு ஓடாவிட்டால்

அடர்ந்த மூடுபனி, பலத்த காற்று, பெருவெள்ளம் என்றால் ஃபெரியை நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்துக் காலையில் மூடுபனி சகஜம், மாலையில் குறைவு. ஃபெரியை மாலைக்கு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நின்றுவிட்டால் பதற வேண்டாம். கோபுரத்துக்குப் பக்கத்தில் சிமென்கோ ஹுவாங்ஹலோ மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கே 5ஆம் தடத்தில் ஏறி, ஜியூச்சியாவில் 2ஆம் தடத்துக்கு மாறினால், அடுத்த நிலையமே ஜியாங்ஹான் சாலை. யாங்சிக்கு அடியில் போகும் ரயில் அது. டாக்ஸி பிடித்தால் மாலை நெரிசலில் பாலத்தின் மேல் முக்கால் மணி நேரம் நிற்க நேரும்.

ஹான்கோவில் இறங்கியதும் எதிரே மணிக்கூண்டோடு தெரிவதுதான் 1924இல் கட்டி முடித்த ஜியாங்ஹான் சுங்கக் கட்டடம். உள்ளே அருங்காட்சியகம், நுழைவு இலவசம், ஆனால் இந்நேரம் மூடியிருக்கும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்தால் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதன் பக்கத்திலிருந்துதான் ஜியாங்ஹான் சாலை தொடங்குகிறது. கடைகளுக்கு நடுவே நேராக நடந்தால் மெட்ரோ நிலையம்.